ஒரு நானோமீட்டர் எத்தனை கிகாஹெர்ட்ஸ்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில், லீ பஜார் பக்கம் பருப்பு மொத்த வியாபாரம் செய்து வரும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் போனில் அழைத்தார். கடைக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, பில் போடும் சாப்ட்வேர் பதிந்து, பைபர் இன்டர்நெட் இணைப்பும் எடுத்திருக்கிறார். கல்லாப் பெட்டிக்கு மேலே, சுவரில், பைபர் கேபிள் வந்து சேரும் சிறிய வெள்ளைப் பெட்டி. பள்ளிக்கூடம் விட்டு வரும் பேரன் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதுவதும் அதே இடத்தில்தான்.

"அந்தப் பெட்டியில இருந்து எக்ஸ்ரே வருதுங்கிறானே பையன், நெசமாங்க? கழட்டிறச் சொல்லிறலாமுங்களா?" என்று கேட்டார். குரலில் விளையாட்டு இல்லை.

விசாரித்தால் விஷயம் இதுதான். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் அவருடைய இளைய மகன், பெட்டியுடன் வந்த தாளைப் படித்திருக்கிறான். அதில் லேசரின் அலைநீளம் 1310 நானோமீட்டர் என்றும், ஸ்பெக்ட்ரல் வித், அதாவது அந்த ஒளியின் அகலம், அதிகபட்சம் 1 நானோமீட்டர் என்றும் போட்டிருந்தது. இதை கிகாஹெர்ட்ஸில் மாற்றிப் பார்க்கலாமே என்று, பள்ளியில் படித்த பார்முலாவில் 1 நானோமீட்டரைப் போட்டு வகுத்திருக்கிறான். வந்த விடை 2,99,792 டெராஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண் உள்ள கதிர் எது என்று தேடினால், எக்ஸ்ரே என்று பதில் வந்திருக்கிறது.

பையன் வகுத்ததில் பிழை இல்லை. போடக் கூடாத எண்ணைப் போட்டுவிட்டான். சரியான விடை சுமார் 175 கிகாஹெர்ட்ஸ். அவனுக்குக் கிடைத்தது அதைப் போல 17 லட்சம் மடங்கு! லேசர் பற்றிப் படிக்கத் தொடங்கும் பலரும் சறுக்கும் இடம் இது. எனவே இந்தக் கணக்கைச் சரியாகப் போடுவது எப்படி என்று இங்கு பார்க்கலாம். ஒரு கால்குலேட்டர் போதும். எக்ஸெல் இருந்தால் இன்னும் எளிது.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒளி ஓர் அலை. ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம் அலைநீளம். இது மிகச் சிறியது என்பதால் நானோமீட்டரில் சொல்கிறோம். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். ஒரு வினாடியில் எத்தனை முகடுகள் கடந்து செல்கின்றன என்பது அதிர்வெண். இதன் அலகு ஹெர்ட்ஸ். கிகாஹெர்ட்ஸ் என்ற சொல்லைக் கம்ப்யூட்டர் வாங்கும்போதே கேட்டிருப்பீர்கள். உங்கள் பிராசசர் 3 கிகாஹெர்ட்ஸ் என்றால் அதன் கடிகாரத் துடிப்பு வினாடிக்கு 300 கோடி. ஒளியில் இந்த எண் மிகப் பெரியதாகிறது. 1310 நானோமீட்டர் ஒளியின் அதிர்வெண் 2,28,849 கிகாஹெர்ட்ஸ்.

இந்த எண் எப்படி வந்தது? ஒளியின் வேகம் வினாடிக்கு 29,97,92,458 மீட்டர். இதனை அலைநீளத்தால் வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும். இதில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. அலைநீளத்தை நானோமீட்டரில் அப்படியே போட்டால் விடை நேராக கிகாஹெர்ட்ஸில் வந்துவிடும். நானோ என்பது நூறு கோடியில் ஒன்று, கிகா என்பது நூறு கோடி, இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டி விடுகின்றன. பூஜ்யங்களை எண்ணிக் கொண்டிருக்க வேண்டியதில்லை. 299792458 என்ற ஒரே ஓர் எண்ணை மட்டும் எழுதி வைத்துக் கொண்டால் போதும்.

கண்ணாடி இழைக்குள் ஒளி மெதுவாகத்தானே செல்கிறது, வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தானே, அந்த வேகத்தைப் போட வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். வேண்டாம். தாளில் அச்சிட்டிருக்கும் 1310 என்பது வெற்றிடத்தில் அந்த ஒளிக்குள்ள அலைநீளம். எனவே வெற்றிட வேகத்தையே போட வேண்டும். இழைக்குள் நுழையும்போது வேகமும் அலைநீளமும் சேர்ந்து குறைகின்றன. அதிர்வெண் மாறுவதில்லை.

இனி அகலத்திற்கு வருவோம். எந்த லேசரும் ஒரே ஓர் அலைநீளத்தை மட்டும் தருவதில்லை. 1310 என்று எழுதியிருந்தாலும் அதன் ஒளி இருபுறமும் சிறிது பரவியிருக்கும். எவ்வளவு பரவியிருக்கிறது என்பதே ஸ்பெக்ட்ரல் வித். 1 நானோமீட்டர் அகலம் என்றால் 1309.5 முதல் 1310.5 வரை என்று பொருள். அலைநீளமே 1 நானோமீட்டர் என்று பொருள் இல்லை. நண்பரின் மகன் செய்தது, கடையின் அகலம் பத்தடி என்று சொன்னதை, கடை பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தடியில் இருக்கிறது என்று எடுத்துக் கொண்டது போல.

சரி, ஒரு நானோமீட்டர் அகலம் எத்தனை கிகாஹெர்ட்ஸ்? இந்தக் கேள்விக்கு இப்படியே பதில் சொல்ல முடியாது. மண்டியில் போய், "ஒரு படி எத்தனை கிராம்?" என்று கேட்டுப் பாருங்கள். "எது ஒரு படி?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அரிசி ஒரு படிக்கு ஓர் எடை, உளுந்துக்கு வேறு எடை, பொரி என்றால் சொல்லவே வேண்டாம். அதுபோல எந்த அலைநீளத்தில் ஒரு நானோமீட்டர் என்று சொன்னால்தான் அது எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று சொல்ல முடியும். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மீதியெல்லாம் வெறும் பெருக்கல் வகுத்தல்தான்.

நண்பருக்கு நான் சொன்னது சதவீதக் கணக்கு. வியாபாரிக்கு அது உடனே புரிந்தது. அலைநீளம் எந்த விகிதத்தில் சிறிது மாறுகிறதோ, ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் அதிர்வெண்ணும் மாறும். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும், அவ்வளவுதான் வித்தியாசம். 1310ல் 1 என்பது 1310ல் ஒரு பங்கு. அப்படியானால் அதிர்வெண்ணிலும் 1310ல் ஒரு பங்குதான் அகலம். 2,28,849 கிகாஹெர்ட்ஸை 1310ஆல் வகுத்தால் 174.69 கிகாஹெர்ட்ஸ். விடை வந்துவிட்டது.

இதனையே பார்முலாவாக எழுதினால், 299792458ஐ அகலத்தால் பெருக்கி, அலைநீளத்தால் இருமுறை வகுக்க வேண்டும். புத்தகங்களில் அலைநீளத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும் என்று இருக்கும். முதல் முறை வகுப்பது அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்க. இரண்டாம் முறை வகுப்பது பங்கைக் கண்டுபிடிக்க. பையன் இந்த இரண்டு வகுத்தலையும் விட்டுவிட்டு, அகலத்தாலேயே வகுத்திருக்கிறான்.

சந்தேகம் இருந்தால் இரு முனைகளையும் தனித்தனியே மாற்றிக் கழித்துப் பாருங்கள். 1550 நானோமீட்டரில் 1 நானோமீட்டர் அகலத்தை எடுத்துக் கொள்வோம். 1549.5க்கு 193476.90 கிகாஹெர்ட்ஸ். 1550.5க்கு 193352.12 கிகாஹெர்ட்ஸ். வித்தியாசம் 124.78. நம் பார்முலாவிலும் 124.78தான் வருகிறது.

எக்ஸெல் வைத்திருப்பவர்கள் ஒரு சிறிய ஒர்க்ஷீட் தயாரித்துக் கொள்ளலாம். லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பிலும் இதே வழிதான். முதல் வரிசையில் ஏ1 செல்லில் அலைநீளம் என்றும், பி1ல் நானோமீட்டர் அகலம் என்றும், சி1ல் கிகாஹெர்ட்ஸ் அகலம் என்றும் தலைப்புகளை டைப் செய்திடுங்கள். ஏ2வில் 1310, பி2வில் 1 என்று கொடுங்கள். பின் சி2 செல்லில் கீழே உள்ள பார்முலாவை அமைத்து என்டர் தட்டுங்கள். செல் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்துக்களில் டைப் செய்திட வேண்டும்.

=299792458*பி2/(ஏ2*ஏ2)

சி2வில் 174.69 என்று கிடைக்கும். அடைப்புக் குறிகளை விட்டுவிடாதீர்கள். விட்டுவிட்டால் எக்ஸெல் ஒருமுறை வகுத்து, மறுபடி பெருக்கி, 299792458 என்ற பழைய எண்ணையே திருப்பித் தரும். பையனுக்குக் கிடைத்த 2,99,792 டெராஹெர்ட்ஸும் இதே எண்தான்! இப்போது ஏ3, ஏ4 என்று கீழே வேறு அலைநீளங்களைக் கொடுத்து, பி நெட்டு வரிசையில் எல்லாவற்றுக்கும் 1 கொடுங்கள். சி2 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் பார்முலா எல்லா வரிசைக்கும் பரவிவிடும்.

நான் கொடுத்துப் பார்த்த அலைநீளங்கள் இவை. வீட்டு பைபர் இணைப்புகளில் பெரிதும் பயன்படும் ஜிபான் முறையில், உங்கள் பெட்டியிலிருந்து வெளியே செல்லும் ஒளி 1310 நானோமீட்டர், உள்ளே வரும் ஒளி 1490 நானோமீட்டர். 1490ல் ஒரு நானோமீட்டர் என்பது 135 கிகாஹெர்ட்ஸ். அதே இழையில் கேபிள் டிவியும் அனுப்பினால் அதற்கு 1550 பயன்படுத்துவார்கள். அதில் 125. பழைய கம்ப்யூட்டரில் உள்ள சிடி டிரைவின் லேசர் 780 நானோமீட்டர். அங்கே ஒரு நானோமீட்டருக்கு 493 கிகாஹெர்ட்ஸ். டிவிடியின் சிவப்பு லேசர் 650, அதில் 710. புளூ ரே டிஸ்க்கின் லேசர் 405 நானோமீட்டர். இதில் ஒரு நானோமீட்டர் 1,828 கிகாஹெர்ட்ஸ்! அதே ஒரு நானோமீட்டர்தான். 1550ல் இருந்ததைப் போல ஏறக்குறைய 15 மடங்காகிவிட்டது.

கிகாஹெர்ட்ஸிலிருந்து நானோமீட்டருக்குத் திரும்ப வேண்டுமானால் பார்முலாவைத் தலைகீழாக்க வேண்டும். டி2வில் கிகாஹெர்ட்ஸ் அகலத்தைக் கொடுத்து, இ2வில் =டி2*ஏ2*ஏ2/299792458 என்று அமைத்திடுங்கள். ஏ2வில் 1310 இருக்கும்போது டி2வில் 100 கொடுத்தால் 0.57 நானோமீட்டர் கிடைக்கும். ஏ2வை 1552.52 என்று மாற்றினால் 0.80 நானோமீட்டர். இந்த 0.8 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

நீண்ட தூர பைபர் கேபிள்களில் ஓர் இழைக்கு ஒரு லேசர் என்று வைத்தால் கட்டுப்படியாகாது. எனவே ஒரே இழையில் பல லேசர்களின் ஒளியை, ஒவ்வொன்றும் சற்றே மாறுபட்ட அலைநீளத்தில், அடுக்கி அனுப்புகிறார்கள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002ல் செயல்படத் தொடங்கிய ஐ2ஐ என்ற கடலடி கேபிள் இப்படி அமைந்ததுதான். வினாடிக்கு 8.4 டெராபிட் வரை செல்லும்படி அது வடிவமைக்கப்பட்டது. இந்த அடுக்குக்கு உலகம் முழுவதும் ஒரே அளவு வேண்டும் அல்லவா? ஐ.டி.யு. என்னும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 193.1 டெராஹெர்ட்ஸை நடுக்கல்லாக நட்டு, அதிலிருந்து இருபுறமும் 100 கிகாஹெர்ட்ஸ், 50 கிகாஹெர்ட்ஸ் என்ற இடைவெளிகளில் இடம் பிரித்துக் கொடுத்திருக்கிறது. 193.1 டெராஹெர்ட்ஸ்தான் நாம் மேலே போட்ட 1552.52 நானோமீட்டர்.

ஏன் நானோமீட்டரில் பிரிக்கவில்லை? நீங்கள் அனுப்பும் தகவல் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பது கிகாஹெர்ட்ஸ் கணக்கு. வினாடிக்கு 10 கிகாபிட் தகவலை ஏற்றினால், ஒளி எந்த நிறமாக இருந்தாலும் அது அடைக்கும் கிகாஹெர்ட்ஸ் ஒன்றுதான். நானோமீட்டரில் சொன்னால் நிறத்துக்கு நிறம் மாறும். கடலடி கேபிள்களில் அதிகம் பயன்படும் 1530 முதல் 1565 வரையிலான பட்டையை மட்டும் எடுத்துக் கொண்டாலே, 100 கிகாஹெர்ட்ஸ் என்பது ஒரு கரையில் 0.78 நானோமீட்டர், மறு கரையில் 0.82. அலைநீளத்தில் கோடு போட்டால் ஒரு கரையில் இடம் வீணாகும். இந்தப் பட்டையின் மொத்த அகலம் 35 நானோமீட்டர். மாற்றிப் பார்த்தால் ஏறக்குறைய 4,380 கிகாஹெர்ட்ஸ். 100 கிகாஹெர்ட்ஸ் வீதம் எத்தனை லேசர் அடுக்கலாம் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

அப்படியானால் பெட்டித் தாளில் மட்டும் ஏன் நானோமீட்டர்? அளக்கும் கருவிதான் காரணம். ஸ்பெக்ட்ரம் அனலைசர் என்ற கருவி ஒளியை நிறங்களாகப் பிரித்து அலைநீள வாரியாகக் காட்டும். அதில் படிப்பது நானோமீட்டர். மிக மெல்லிய லேசர்களுக்கு இது உதவாது. 1550ல் 10 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள லேசரை மாற்றிப் பாருங்கள். 0.00008 நானோமீட்டர் வரும். இதை யார் வாயால் சொல்வது! எனவே அத்தகைய லேசர்களின் அகலத்தை மெகாஹெர்ட்ஸிலும் கிலோஹெர்ட்ஸிலும் சொல்கிறார்கள்.

இதே சிக்கலை வேதியியல்காரர்கள் வேறு வழியில் தீர்த்தார்கள். அங்கே நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. ராமன் பெயர் வந்துவிடும். 1928ல் கொல்கத்தாவில் அவர் கண்டறிந்த ராமன் விளைவில், ஒரு பொருளின் மீது விழும் ஒளியில் சிறு பகுதி நிறம் மாறிச் சிதறுகிறது. பென்சீன் மீது 532 நானோமீட்டர் பச்சை லேசரைச் செலுத்தினால் அதன் முக்கியமான கோடு சுமார் 30 நானோமீட்டர் தள்ளி வரும். 785 நானோமீட்டர் லேசரைச் செலுத்தினால் 66 நானோமீட்டர் தள்ளி வரும். பென்சீன் மாறவில்லை, நானோமீட்டர்தான் மாறியது. எனவே ராமன் ஆய்வுகளில் நானோமீட்டரில் சொல்லாமல், ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலைகள் என்ற வேவ்நம்பர் கணக்கில் சொல்கிறார்கள். அதில் இரண்டு லேசருக்கும் ஒரே எண், 992. ஒரு வேவ்நம்பர் என்பது 29.98 கிகாஹெர்ட்ஸ், எந்த அலைநீளத்திலும். பைபர் கேபிள்களிலும் ராமன் விளைவு பயன்படுகிறது. கண்ணாடி இழையில் இந்தத் தள்ளல் சுமார் 13 டெராஹெர்ட்ஸ். எனவே 1450 நானோமீட்டர் ஒளியைச் செலுத்தி, 1550ல் களைத்து வரும் சிக்னலை வழியிலேயே வலுவாக்குகிறார்கள்.

நம் பார்முலா எவ்வளவு அகலம் வரை சரியாக வரும் என்பதையும் பார்த்துவிடலாம். சாதாரண ஜிபான் பெட்டியின் லேசர் 1260 முதல் 1360 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று விதி அனுமதிக்கிறது. இது 100 நானோமீட்டர் அகலம். பார்முலாவில் 17,469 கிகாஹெர்ட்ஸ் வருகிறது. முனைகளைக் கழித்தால் 17,495. ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு வித்தியாசம், பரவாயில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதையும், 400 முதல் 700 வரை, போட்டால் பார்முலா 297 டெராஹெர்ட்ஸ் என்கிறது. உண்மை 321. இவ்வளவு அகலத்துக்கு முனைகளைத் தனித்தனியே மாற்றிக் கழிப்பதே நல்லது.

இரண்டு தாள்களை ஒப்பிடும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். அகலத்தை எந்த உயரத்தில் அளந்தார்கள் என்று பக்கத்திலேயே இருக்கும். சிலர் ஒளியின் வலிமை பாதியாகும் இடத்தில் அளப்பார்கள். ஜிபான் பெட்டிகளில் வலிமை நூறில் ஒரு பங்காகும் இடத்தில் அளப்பது வழக்கம். தாளில் மைனஸ் 20 டெசிபல் என்று இருந்தால் அதுதான். ஒரே லேசருக்கு இரண்டு அளவும் வேறு வேறு எண் தரும்.

இனி நண்பர் அடுத்து கேட்டது. "அப்ப எனக்கு 175 கிகா பேண்ட்வித் வருதுங்களா? ஆபீஸ்ல 100 மெகாதான்னாங்களே?" இல்லை. பேண்ட்வித் என்ற ஒரே சொல்லை இரண்டு இடத்தில் பயன்படுத்துவதால் வரும் குழப்பம் இது. இணைப்பு கொடுப்பவர்கள் சொல்வது தகவல் வேகம், வினாடிக்கு எத்தனை மெகா பிட்கள் என்ற கணக்கு. லேசரின் தாளில் இருப்பது அதன் ஒளி எவ்வளவு பரவலாம் என்ற மேல் வரம்பு. ஜிபானில் உள்ளே வரும் மொத்த வேகம் வினாடிக்கு 2.488 கிகாபிட். அதைத்தான் ஒரே இழைக் கிளையில் உள்ள எல்லா வீடுகளும் கடைகளும் பங்கிட்டுக் கொள்கின்றன. இந்தத் தகவலுக்குத் தேவைப்படும் அகலம் தோராயமாக 5 கிகாஹெர்ட்ஸ். 1490ல் மாற்றினால் 0.04 நானோமீட்டர் கூட இல்லை. லேசர் பரந்திருப்பதால் இன்டர்நெட் வேகம் கூடாது. சொல்லப் போனால், பரந்த ஒளியின் பல அலைநீளங்கள் நீண்ட இழையில் வெவ்வேறு வேகத்தில் சென்று, போய்ச் சேரும் துடிப்பைக் கலைத்துவிடும். அகலம் குறைந்த லேசருக்குத்தான் மதிப்பு அதிகம்.

எக்ஸ்ரே பயம் தீர்ந்ததா? 1310 நானோமீட்டர் என்பது சிவப்புக்கும் அப்பால் உள்ள அகச்சிவப்பு ஒளி. எக்ஸ்ரே இருப்பது ஊதாவுக்கும் அப்பால், நேர் எதிர்த் திசையில். பெட்டி அனுப்பும் ஒளியின் அளவு சில மில்லிவாட் மட்டுமே, அதுவும் இழைக்குள்ளேயே போகிறது. பேரன் தாராளமாக அங்கே உட்காரலாம். ஒன்று மட்டும் சொல்லி வைத்தேன். இணைப்பில் உள்ள பச்சை நிற கனெக்டரைக் கழற்றி, வெளிச்சம் வருகிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது. இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததாலேயே கண் தானாக மூடிக் கொள்ளவும் செய்யாது. இழையில் பழுது என்றால் லைன்மேன் வந்து மீட்டர் வைத்துப் பார்க்கட்டும்.